கணினிக்கு நான் போட்ட காவல்

எங்கள் வீட்டுக் கணினியைக் கெடுத்தது நான்தான். இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். அன்றைக்கு இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைரஸ் மேல் பழி போட்டேன். இரவுச் சந்தையில் சீடி விற்றவன் மேல் போட்டேன். கம்பியில் வரும் கரண்ட் மேல்கூடப் போட்டேன்.

மலாய் நாடு சுதந்திரம் வாங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்த சமயம் அது. காஜா பெராங் என்ற பகுதியில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். பூட்டுவதும், பூட்டியதைச் சரிபார்ப்பதும்தான் என் வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. கேட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, மோட்டார் சைக்கிளைக் கிளப்பித் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். “எதுக்கும் இருக்கட்டும்” என்பதுதான் என் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. குடை எடுத்தாலும் மழைக்கோட்டு வேண்டும். மழைக்கோட்டு இருந்தாலும் அதற்குள் பிளாஸ்டிக் பை வேண்டும். என் மனைவி இதைப் பார்த்து அப்போதெல்லாம் சிரிக்கத்தான் செய்தாள்.

அவள் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. கல்யாணத்துக்கு முன்னால் பாதியில் விட்ட படிப்பை நாற்பது வயதுக்கு மேல் மறுபடி எடுத்தாள். பகுதி நேரப் பட்டப்படிப்பு. சனி ஞாயிறுகளில் உஜோங் பாசிரில் வகுப்பு. எல்லாப் பாடமும் தேறி, கடைசியாக ஒரு ஆய்வுக் கட்டுரை மட்டும் பாக்கி இருந்தது. வீட்டில் மலாயும் தமிழும் கலந்து பேசும் பிள்ளைகள் எப்படித் தமிழ் எழுத்துப் பழகுகிறார்கள் என்று, தன் வகுப்புப் பிள்ளைகளையே கவனித்து எழுதிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை தவணை கேட்டிருந்தாள். செப்டம்பர் முதல் வாரத்துக்குள் கட்டுரை போய்ச் சேராவிட்டால் பட்டம் கிடையாது, இனித் தவணையும் கிடையாது என்று கடிதமே வந்துவிட்டது.

கணினி கூடத்தில் இருந்தது. கூடத்தில் காலியாக இருந்த ஒரே மின்சாரப் பிளக், சாமி மேடைக்குக் கீழே. அதனால் கணினியும் அங்கேதான். வாங்கி வந்த அன்றே பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து விபூதிப் பட்டை போட்டேன். வெள்ளிக்கிழமை மாலையில் அவள் சக மாணவர்களோடு படிக்கப் போய்விடுவதால் வீட்டுப் பூசை என் பொறுப்பு. நான் செய்தால் தாராளமாகத்தான் செய்வேன். சாமிக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு, அதே தூபக்காலோடு குனிந்து கணினிக்கும் காட்டுவேன். முன்னால் மூன்று சுற்று, பின்னால் காற்று வரும் ஓட்டை ஓட்டையான தகட்டுக்கு மூன்று சுற்று. வேலை முடிந்து கணினியை அணைத்தால் உடனே பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் பூவேலை செய்த துணி. தூசி படக் கூடாதே.

சில மாதங்களில் கணினி மந்தமாகிவிட்டது. ஒருநாள் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது திரையில் ஒரு சிவப்புப் பெட்டி தோன்றி, உன் கணினி ஆபத்தில் இருக்கிறது என்று மின்னி மின்னிச் சொன்னது. பயந்துவிட்டேன். அந்த வாரமே இரவுச் சந்தையில் வைரஸ் தடுக்கும் சீடி ஒன்று வாங்கிப் போட்டேன். அது நூற்றுக்கணக்கில் கோளாறுகளைக் கண்டுபிடித்துப் பட்டியல் போட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். வேலையிடத்தில் ஒருவர் ஒன்று போதாது என்றார்; இரண்டாவதைப் போட்டேன். மூன்றாவது இலவசமாகக் கிடைத்தது. இருக்கட்டும் என்று அதையும் போட்டேன். பிறகு குப்பை அள்ளுவதற்கு ஒன்று, வேகம் கூட்டுவதற்கு ஒன்று. திரையின் மூலையில் சின்னச் சின்னப் படங்கள், பஸ் கண்ணாடியில் ஒட்டிய சாமி படங்கள் மாதிரி வரிசையாக நின்றன. அதைப் பார்க்கவே எனக்குத் தெம்பாக இருந்தது.

கணினிக்குத்தான் தெம்பு போய்விட்டது. சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய் அரிசி களைந்து உலை வைத்துத் திரும்பினால்தான் எழுந்திருக்கும். ஒரே வாசலில் மூன்று காவல்காரரை நிறுத்தியது போல, ஒன்று இன்னொன்றைப் பார்த்துத் திருடன் திருடன் என்று கத்தியது. அதெல்லாம் போதாதென்று, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினி தானாக அணையத் தொடங்கியது.

“என்னங்க, எழுதிக்கிட்டு இருக்கும்போதே பொசுக்குன்னு நின்னுருது. இன்னைக்கு மட்டும் மூனு வாட்டி” என்றாள்.

“வைரஸ்லா அது. இன்னொரு சாமான் இருக்குதாம், அதையும் போட்டுப் பாக்குறேன்.”

“வேணாங்க. நீங்க போடப் போடத்தான் ரொம்ப மோசமாவுது. என் பேப்பர் முடியிற வரைக்கும் தயவு செஞ்சு அதைத் தொடாதீங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவளுக்காகத்தானே இவ்வளவும் செய்கிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு, சரி என்று சொல்லிவைத்தேன். புக்கிட் காதிலில் கணினி பழுது பார்க்கும் ஒரு கடையில் போய் விசாரித்தேன். கடைக்காரர் பெட்டியைப் பார்க்காமலேயே, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார். கட்டுரையும் போய்விடுமே என்று அவள் கணினியைத் தர மறுத்துவிட்டாள். அது நின்று நின்று ஓடினாலும் ஓடட்டும் என்று, நாலு வரிக்கு ஒருதரம் சேமித்துச் சேமித்து எழுதினாள்.

மெர்டேக்கா, சுதந்திர தின விடுமுறை வந்தது. தெருவெல்லாம் கொடி. தொலைக்காட்சியில் அணிவகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி சமையலறையில் கோழிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. குப்பையை மட்டும் அள்ளிக் கொடுத்தால் பாவம், அவளுக்குக் கொஞ்சம் வேகமாக ஓடுமே என்று உட்கார்ந்தேன். சுத்தம் செய்யும் மென்பொருளைத் திறந்தேன். அதில் எதை எதை அழிக்கலாம் என்று சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் சரி போட்டேன். கடைசியில், அழித்ததை யாரும் திரும்ப எடுக்க முடியாதபடி அழிக்கட்டுமா என்று ஒரு கட்டம் கேட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று அதிலும் சரி போட்டேன். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து முடிந்தது. கணினி சுத்தமாகிவிட்டது என்று எனக்கு வாழ்த்துச் சொன்னது.

மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் எழுத உட்கார்ந்தாள். நான் சோபாவில் இருந்தேன். சுட்டியைச் சொடுக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு வேகமாகக் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

“என்னங்க, என் பேப்பரைக் காணோம்.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எழுந்து போய்த் திரையைக் குனிந்து பார்த்து, நாலு இடத்தில் தேடுவது மாதிரி பாவலா செய்து, “வைரஸ் தின்னுருச்சு” என்றேன்.

அவள் விசைப்பலகையின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். திரையில் ஒரே எழுத்து வரிவரியாக ஓடிக்கொண்டே இருந்தது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பயமாக இருந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு அவளே போய், நாலு வீடு தள்ளி இருந்த ஓர் அம்மாவைக் கூட்டி வந்தாள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்து தமிழ்ப் பேச்சை மறந்துவிட்ட செட்டி சமூகத்தைச் சேர்ந்தவர். நெற்றியில் விபூதி இருக்கும், பேச்சு மட்டும் மலாய். நாங்கள் மலாயில் கக்கா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு.

கக்கா முதலில் எதையும் சொடுக்கவில்லை. எப்போது அணைகிறது, தொடங்கி எவ்வளவு நேரத்தில் அணைகிறது, எப்போதிலிருந்து இப்படி என்று என் மனைவியிடம் கேட்டார். பெட்டியின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தார். காற்று வரவே இல்லை, சூடு மட்டும் அடித்தது. கம்பியைப் பிடுங்கச் சொல்லி, திருகாணிகளைக் கழற்றி, பக்கத் தகட்டை எடுத்தார்.

உள்ளே இருந்ததைப் பார்த்து நான் அசந்துபோனேன். விசிறியின் இறக்கைகள் தெரியவில்லை. சாம்பிராணிப் பிசுக்கு கறுப்பாகப் படிந்து, அதன் மேல் விபூதி அப்பி, அதன் மேல் தூசி சேர்ந்து, தடித்த கம்பளித் துண்டு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. கக்கா ஒரு விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். தலையை நிமிர்த்தி மேலே சாமி மேடையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“இனி புக்கான் வைரஸ், பாங். அபு” என்றார். இது வைரஸ் இல்லை அண்ணே, சாம்பல்.

பழைய பெயிண்ட் பிரஷ் ஒன்று கேட்டு வாங்கி, பொறுமையாகச் சுத்தம் செய்தார். தங்கள் வீட்டிலும் சாம்பிராணி போடுவதாகவும், ஆனால் அது சாமிக்கு மட்டும் என்றும் மலாயில் சொன்னார். சிரிக்கக்கூட இல்லை. தகட்டை மாட்டிச் சுவிட்சைப் போட்டபோது விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன். பிறகு நான் போட்டு வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாக நீக்கினார். வைரஸ் தடுக்கும் மென்பொருள் ஒன்று போதும், அதைக்கூட இரண்டாகப் போடக் கூடாது என்றார். சிவப்புப் பெட்டி மின்னியதே என்று கேட்டேன். அது விளம்பரம், பயந்தவர்கள்தான் வாங்குவார்கள் என்றார்.

சுத்தம் செய்யும் மென்பொருளை நீக்குவதற்கு முன்னால் அதைத் திறந்து பார்த்தார். எந்தெந்தக் கோப்பை எப்போது அழித்தது என்று அது ஒரு குறிப்பு வைத்திருந்தது. கக்கா விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தார். என் மனைவியின் கட்டுரை அங்கே இருந்தது, பெயராக மட்டும். விரிவுரையாளர் திருத்தி மின்னஞ்சலில் அனுப்பிய பிரதியை அவள் மின்னஞ்சலிலிருந்தே திறந்து, அதிலேயே எழுதி, அதிலேயே சேமித்து வந்திருக்கிறாள். கணினி அதைத் தற்காலிகக் கோப்புகள் போடும் இடத்தில் வைத்திருக்கிறது. நான் குப்பை என்று அள்ளியது அந்த இடத்தைத்தான். பக்கத்தில் தேதியும் நேரமும் இருந்தன. இன்று, காலை பதினொன்றே கால்.

“சியாப்பா தெக்கான்?” என்று கக்கா கேட்டார். யார் அழுத்தியது?

பதினொன்றே காலுக்கு என் மனைவி அம்மியடியில் இருந்தாள். அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாந்தான்” என்றேன்.

கக்கா மீட்டுப் பார்க்கலாம் என்று ஏதோ முயன்றார். நான் போட்ட அந்தக் கடைசிச் சரி, தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. ஒன்றும் வரவில்லை. பிரஷைக் கழுவி வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அவர் கிளம்பினார். அவரை அனுப்பிவிட்டு என் மனைவி உள்ளே வந்தாள்.

“அழிச்சதுகூடப் பரவால்லைங்க. வைரஸ்ன்னு சொன்னீங்க பாருங்க” என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவளிடம் இரண்டு மாதத்துக்கு முன்னால் அச்சடித்த பழைய பிரதி ஒன்று இருந்தது, பிள்ளைகளைப் பற்றிய குறிப்பு நோட்டுகளும் இருந்தன. பள்ளிக்கு லீவு போட்டாள். ஆறு நாள் உட்கார்ந்து மறுபடி எழுதினாள். நீ சொல்லு, நான் தட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். நான் கணினி மேசையைச் சாமி மேடையிலிருந்து தள்ளி ஜன்னல் பக்கம் போட்டு, நீளமான வயர் வாங்கி வந்து மாட்டினேன். சமைத்தேன், துணி துவைத்தேன், தேநீர் போட்டு மேசை ஓரத்தில் வைத்தேன். குடித்தாள். கணினி ஒரு தடவைகூட நிற்கவில்லை. கடைசி அத்தியாயம் முதலில் எழுதியது மாதிரி வரவில்லை என்று தொலைபேசியில் தோழியிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. என்னிடம் அதைச் சொல்லவில்லை.

கட்டுரை கெடு தவறாமல் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருஷம் பட்டமும் வாங்கினாள். ஆனால் எனக்கு மனசில் நிற்பது, கட்டுரையை நேரில் கொடுக்க அவள் போயிருந்த அன்றைய மாலைதான். இவ்வளவு பாடுபட்டாளே, அப்படி என்னதான் எழுதியிருக்கிறாள் என்று எனக்கு ஆசை வந்தது. அதுவரை அதில் ஒரு பக்கம்கூட நான் வாசித்ததில்லை. காவல் காத்ததோடு சரி. கணினியைப் போட்டேன். அரிசி களையக்கூட நேரம் இல்லாமல் சட்டென்று எழுந்தது. எழுந்து, கடவுச்சொல்லைக் கேட்டது.

மகளின் பெயரைப் போட்டேன். கல்யாண நாளைப் போட்டேன். அவள் பிறந்த நாள், என் பிறந்த நாள், வீட்டு எண். ஒன்றுக்கும் திறக்கவில்லை. அவள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, சிரித்த முகமாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

“என்ன, பாஸ்வேர்டெல்லாம் போட்டிருக்கே?”

“ஆமாங்க. கக்காகிட்டக் கேட்டுப் போட்டேன்.”

“எதுக்குலா? இந்த வீட்டுல நாம ரெண்டு பேருதானே.”

அவள் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“அதனாலதாங்க” என்றாள்.