மெயினை அணைத்தேன், மாடி கத்தியது

ஊரப்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டுக்கு வாடகை ஆறாயிரம், கரண்ட் பில் தனியாக இரண்டாயிரம். ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட், ஒரு மிக்ஸிக்கு இவ்வளவா? ஜவுளிக்கடை சேல்ஸ்மேன் சம்பளத்தில் இது கட்டுப்படியாகாது.

முதலில் என் படிப்புப் பழக்கத்தைச் சந்தேகித்து, இருட்டும் முன்பே புத்தகத்தை மூடினேன். பிறகு மிக்ஸியைச் சந்தேகித்தேன். மனைவி அம்மிக்கு மாறினாள். என்னோடு பேசுவதையும் குறைத்தாள். பில் மட்டும் குறையவில்லை. வீட்டைக் காலி செய்வதென்று முடிவெடுத்தோம்.

ஒரு ஞாயிறு மதியம், "மெயினை ஆஃப் பண்ணிட்டு மீட்டரைப் பாருங்க" என்றாள் மனைவி. அணைத்ததுதான் தாமதம், மாடியிலிருந்து வீட்டுக்காரர் கத்தினார்.

"அண்ணாத்த, ஏசி நின்னுபோச்சு! நீ இன்னா பண்ணே?"

"எங்க வூட்டு மெயினைத்தான் சார் அணைச்சேன்."

"அய்ய, அப்போ ஏசி உன் லைன்லயா ஓடிகினு கீது? எலெக்ட்ரீஷியன் பேஜார் பண்ணிட்டான்பா!"

அவருக்கு முன்பே தெரியுமா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அடுத்த மாதம் பில் இறங்கியது, வாடகை ஏறியது. மறுபடி வீடு தேடுகிறோம்.

இப்போதெல்லாம் வீடு பார்க்கப் போனால் வாடகையை அப்புறம்தான் கேட்கிறேன். முதலில் மெயினை அணைத்துவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று காத்திருக்கிறேன்.