பேராச்சி கொடுத்தனுப்பிய மூக்கு

ஐந்தருவிக்குப் போகிற வழியில் மங்குஸ்தான் பழம் விற்கிற பேராச்சி எதற்கும் பயப்படமாட்டாள். கூடையில் கை வைக்கிற குரங்கையே அதட்டி உட்கார வைப்பாள். ஆனால் அந்த ஆடி மாதம் அவளுக்கும் ஒரு பயம் வந்தது. மூக்கு ஒழுகியது.

சீசன் கடைக்காரர்களுக்கு ப்ளூ காய்ச்சல் ஊசி போட்டு, அது எவ்வளவு காக்குது என்று ஒரு ஆராய்ச்சி நடந்தது. பேராச்சியும் ஊசி போட்டவள். வாரம் ஒரு நாள் பஞ்சுக்குச்சியைத் தானே மூக்கில் சுழற்றி, குழாயில் போட்டு நர்ஸ் அதீபாவிடம் கொடுக்கணும். ப்ளூ என்று வந்தால் ஐந்து நாள் வீட்டோடு கிடக்கணும். வெள்ளிக்கிழமையோ அம்மனுக்குப் பால்குடம். மகள் வேல்விழியின் சுகப்பிரசவத்துக்கு நேர்ந்துகொண்டது. மஞ்சள் சேலைகூட எடுத்தாச்சு.

புருஷன் குத்தாலிங்கம் ஊசி போடாதவன். “அருவியில குளிக்கவனுக்கு ஊசி எதுக்குட்டி?” என்பான். மத்தியானச் சோறு தின்றுவிட்டு வாயைப் பிளந்து தூங்கினான். பேராச்சி குச்சியைப் பார்த்தாள். அவன் மூக்கைப் பார்த்தாள்.

“ஏட்டி! மூக்குல என்னது?”

“எறும்புங்க. எடுத்துட்டேன், தூங்குங்க.”

மறுநாள் அதீபா போன் போட்டாள். “அக்கா, உங்களுக்கு ப்ளூ இருக்கு.”

பேராச்சி திரும்பிப் பார்த்தாள். குத்தாலிங்கம் போர்வைக்குள் வெடவெடவென்று நடுங்கினான்.

“தாயி... அது என் மூக்கு இல்ல.”

“பின்ன யாரு மூக்கு?”

“வீட்டுக்காரரு மூக்கு.”

அதீபா சிரித்து முடிக்க நேரமானது. “நல்ல வேளை சொன்னீங்க. ஊசி போட்டவளுக்கே ப்ளூ வந்துட்டுன்னு எழுதியிருப்போம். ஊசிக்குல்ல கெட்ட பேரு!”

சாயங்காலம் அவளே வந்து, பேராச்சியின் தாடையைப் பிடித்துக்கொண்டு குச்சி விட்டாள். மறுநாள் அதீபா முடிவு சொன்னாள்: ப்ளூ இல்லை, வெறும் சளி. “ஆனா நோயாளியோட ஒரே வீட்டுல இருக்கீங்க. இந்த வெள்ளி கூட்டத்துக்குள்ள போகாதீங்கக்கா.”

பேராச்சிக்குக் கண் கலங்கியது. உள்ளேயிருந்து முனகல் கேட்டது: “ஏட்டி, அந்த ஊசிய இப்பப் போட்டாக் கேக்குமா?”

“காய்ச்சல் தெளியட்டும். நானே இழுத்துட்டுப் போறேன்” என்றாள் பேராச்சி.

சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அம்மன் படத்தின் முன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “கோவிச்சுக்காத தாயி. ஆடி இன்னும் முடியல. அடுத்த வெள்ளி, சளி இல்லாம, என் மூக்கோடயே வாரேன்.”