கடைசிச் சரணத்தில் சந்தனம்

அந்தப் பாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவீர்கள், பிறகு வீட்டில் எனக்குத்தான் திட்டு விழும். அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு. யார் கட்டியதென்று யாருக்கும் தெரியாது. ஆற்றங்கரையில் ஒரு பெண் நின்று, போன படகு திரும்பி வருமா என்று கேட்கிறாள். அவ்வளவுதான்.

லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அதைத் துண்டு துண்டாகத்தான் கேட்டேன். பெற்றோல் நிலையத்தில் வேலை. ஒரு காரின் கதவு திறந்தால் ஒரு வரி, அடுத்த காரின் கதவு திறந்தால் அடுத்த வரி. எல்லாக் கார்களிலும் ஒரே வானொலி. பனிமூட்டத்துக்குள் இருந்து கார்கள் வந்து, ஆளுக்கொரு வரி பாடிவிட்டுப் போவதுபோல இருந்தது.

அன்றிலிருந்து அதன் ஒலிப்பதிவுகளைத் தேடித் திரிகிறேன். ஒருவர் படகைக் காலையில் அனுப்புவார், இன்னொருவர் மாலையில். ஆண் பாடினால் கரையில் நிற்பதும் ஆணாகிவிடும். பாஞ்சோ போய்க் கித்தார் வந்தது, பிறகு ஒரு வயலின் கூட்டமே வந்தது. ஒருவர் அடித்த டிரம்ஸில் அந்தப் பெண் ஆற்றில் விழுந்திருப்பாள் என்றே நினைத்தேன். இல்லை. யார் பாடினாலும் கடைசியில் அவள் கரையிலேயே நின்றாள்.

வடக்கு லண்டனில், ஆர்ச்வேயில் ஒரு சிறிய மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை பழைய இசைத்தட்டுப் பைத்தியங்கள் கூடுவோம். ஒருவர் ஒரு பாட்டை எடுத்து, அதன் பதிவுகளைப் பழையதிலிருந்து புதியதுவரை போட்டுக் கதை சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது, கூட்டத்தில் மூத்தவரான ஓய்வுபெற்ற வெள்ளைக்காரத் தபால்காரர் அரக்கில் செய்த பழைய இசைத்தட்டு ஒன்றைத் தந்தார். என் பாட்டின் முதல் பதிவு. அதில் மட்டும் கடைசியில் ஒரு சரணம் அதிகமாம். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சரணத்தை வெட்டிய வேறொரு தட்டைக் கேட்டுப் பாடியவர்களாம்.

"போட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டு வா," என்றார். "இதை நான் தபாலில்கூட அனுப்பியதில்லை."

தெற்கு லண்டனில், மிச்சம் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரே ஒருமுறை போட்டுக் கேட்டேன். கடைசிச் சரணத்தில் அந்தப் பெண் கரையில் கிடந்த ஒரு படகை அவிழ்த்து, தானே துடுப்பை எடுத்துக்கொண்டு போகிறாள். வெளியே மழை.  பிறகு தட்டை உறையில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அதுதான் நான் விட்ட பிழை. அன்று சரஸ்வதி பூசை.

திரும்பி வந்தபோது தட்டு சாமியறையில், மகளின் புத்தகங்களுக்கும் லப்டொப்புக்கும் நடுவில், புகைக்குள் இருந்தது.

"இஞ்சேருங்கோ, பாட்டுச் சாமான் எண்டுதான் வைச்சனான்," என்றாள் மனைவி. "நாளைக்கு விஜயதசமி. காலமை எடுங்கோ. இண்டைக்குத் தொடப்படாது."

கூட்டம் மறுநாள் மத்தியானம்தான். ஞானிபோலத் தலையாட்டினேன். அந்த ஞானம் விடிந்ததும் முடிந்தது. பழைய உறைகளில் தட்டின் பெயர் தெரிவதற்காக நடுவில் வட்டமாக ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைக்குள் தண்ணியாகக் கரைத்த சந்தனத்தில் ஒரு பெரிய பொட்டு, அதன் மேல் குங்குமம். சந்தனம் பெயரைத் தாண்டி வழிந்து, ஊசி கடைசியாக வந்து சேரும் உள் வரிகளில் காய்ந்திருந்தது. சரியாகக் கடைசிச் சரணத்தில்.

"லப்டொப்புக்கும் வைச்சனான். இதுக்கு மட்டும் விட்டா அது என்ன நினைக்கும்?"

நான் ஒரு கையில் பஞ்சும் மறு கையில் பல் துலக்கும் பிரஷுமாகப் படிகளில் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். ஹரோவில் பல் வைத்தியனாக இருக்கும் நண்பனுக்குப் போன் அடித்தேன்.

"பல்லெண்டா சுரண்டிப் போடுவன் மச்சான்," என்றான். "இதை நீ தொட்டா அழிச்சுப் போடுவாய். உன்ரை கையைப் பற்றி எனக்குத் தெரியும். அப்பிடியே கொண்டு போய்க் குடு."

வீட்டுக்குக் கிட்ட, மோர்டன் நிலையத்தில் ஏறினால் ஆர்ச்வேவரை ஒரே சுரங்க ரயில். தட்டை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டுக் கொண்டுபோகிறவன் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். வாசமும் அப்படித்தான் இருந்தது. கண் அயர்ந்தது. சுரங்கம் நீண்ட கறுப்பு ஆறாகியது. நிலையங்கள் விளக்கேற்றிய படித்துறைகளாக வந்து வந்து விலகின. ஒவ்வொரு துறையிலும் ஒரு பெண் நின்றாள். எல்லோரும் என்னைப் பார்த்து, "எங்கடை துடுப்பு எங்கை?" என்று கேட்டார்கள். கனவிலும் எனக்கு விசாரணைதான்.

மண்டபத்தில் தபால்காரரிடம் முதலில் பொட்டைக் காட்டினேன். மன்னிப்பை நாலு விதமாகக் கேட்டேன். அவர் தட்டை மூக்கருகே கொண்டுபோனார்.

"இத்தனை வருடம் இது என் பழைய அலமாரிபோலத்தான் மணத்தது," என்றார். "போடு."

"சரணம் போயிருந்தால்?"

"போட்டால்தானே தெரியும்."

ஊசியை வைத்தேன். கீறல்களுக்கு நடுவே அந்தக் குரல் தூரத்தில் இருந்து வந்தது. கரை, படகு, கேள்வி. ஊசி சந்தனத்தைத் தொட்டது. குரல் போகவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை, மெல்ல, சர்ர் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. அவள் துடுப்பை எடுக்கிறாள், சர்ர். கரை பின்னால் போகிறது, சர்ர். தண்ணீரை யாரோ நிதானமாக வலித்துத் தள்ளுவதுபோல. 

"இன்னொருமுறை," என்றார் தபால்காரர். இம்முறை போனில் பதிவு செய்தேன். மூன்றாம் முறை போட்டபோது சத்தம் இல்லை. ஊசியே சந்தனத்தை வழித்துவிட்டிருந்தது. அவர் முகம் கொஞ்சம் வாடியது. பெயரின் மேல் இருந்த பொட்டைத் துடைக்கப் பஞ்சை எடுத்தேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டுத் தட்டை உறைக்குள் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து போனில் இருந்ததைப் போட்டேன். மனைவி சமையலறையில் இருந்து வந்து கதவடியில் நின்று கடைசிவரை கேட்டாள்.

"ஆர் உந்தப் படகை வலிக்கிறது?"

"உம்மடை சந்தனம்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு இன்னொருமுறை போடச் சொன்னாள்.