செருப்புக் காவல்

கள்ளக்குறிச்சியில் சுற்றிப் பார்க்க வேன் வேண்டுமென்றால் அக்பர் அலியைத்தான் கை காட்டுவார்கள். தியாகதுருகம் கோட்டை, கோமுகி அணை, கரியாலூர் படகுத்துறை, கடைசியில் கல்வராயன் மலை அருவி. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்து, விளக்கு வைப்பதற்குள் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். ஆள் வாய் ஓயாதவர். கோட்டை மேலிருந்து பார்த்தால் கரும்புக் கொல்லைகள் எப்படித் தெரியும், அருவித் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தால் எப்படி மூச்சு முட்டும் என்று வண்டி கிளம்பும்போதே ஆரம்பித்துவிடுவார்.

ஒன்றை மட்டும் சொல்ல மாட்டார். அவர் இதில் எதையுமே பார்த்ததில்லை.

கூட்டம் இறங்கிப் போனதும் செருப்பு, பை, செல்போன், மிச்ச பிரியாணி எல்லாவற்றுக்கும் வேன்காரன்தான் காவல். போதாக்குறைக்குக் குரங்குகள் வேறு. ஒருமுறை யாருடைய பையோ காணாமல் போய், ஊர் வந்து சேரும்வரை வசை வாங்கியதிலிருந்து அக்பர் அலி இருக்கையை விட்டு அசைவதில்லை. நனைந்து திரும்புகிறவர்கள் பேசுவதைக் காதில் வாங்கி, அதையே அடுத்த கூட்டத்துக்கு அவிழ்த்துவிடுவார். பிழைப்புக்காகச் சொன்னது, போகட்டும். அதை வீட்டுக்கும் கொண்டுபோனாரே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அவர் மனைவி அஸ்ரப் நிஷா கடைத்தெருவைத் தாண்டி அதிகம் போனவள் இல்லை. ராத்திரி சோறு போட்டபடி கேட்பாள். அவரும் அருவி ஒரு பனை உயரம் என்பார். மழைக்காலம் வந்தால் அது இரண்டு பனையாகிவிடும்.

"என்னையும் ஒரு தபா இட்டுக்கினு போங்களேன்."

"ஞாயித்துக்கெழமதான் சவாரி வருது. அடுத்த வாரம் பாக்கலாம் புள்ள."

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. அருவி எங்கே போய்விடும் என்று இருந்தார். அருவி அங்கேயேதான் இருந்தது. சர்க்கரை நோய் அவள் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. இருக்கிற பார்வையும் நிற்காது என்று டாக்டர் கைவிரித்த பிறகும், காதுகுத்துக் கூட்டம், கல்யாணக் கூட்டம் என்று தள்ளிப்போட்டார் அந்தப் புண்ணியவான்.

கடைசியில் ஒரு புதன்கிழமை வெறும் வேனில் அவளை முன்சீட்டில் உட்கார வைத்துக் கிளம்பினார். மலை ஏற ஏற அவள் கண்ணாடிப் பக்கமே முகத்தை வைத்திருந்தாள்.

"வெளிச்சம் மட்டுந்தான் தெரியுதுங்க. தண்ணி வெள்ளையாத்தானே வுழும்? வெள்ளையா இருந்தா தெரிஞ்சிரும்."

வேனை நிறுத்தி அவள் கையைப் பிடித்து நடந்தார். மீன் வறுக்கும் கடைகளுக்குப் பின்னால் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் இறங்கினார். அது எச்சில் தட்டுகள் குவிந்த புதரில் போய் முடிந்தது. திரும்பி வந்து, மீன் கடை போட்டிருந்த செவ்வந்தியிடம் வழி கேட்டார்.

"இன்னா பாய், வாரா வாரம் வந்துக்கினு இருக்கிறீங்க, என்னாண்ட வழி கேக்கறீங்க?" என்று அவள் சிரித்தாள்.

நிஷா சிரிக்கவில்லை. அவர் பிடியிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டாள். பிறகு படி தட்டுப்படாமல் தடுமாறி, வேறு வழியில்லாமல் மறுபடியும் பிடித்துக்கொண்டாள்.

கீழே இறங்கியதும் இரைச்சல் கேட்டது. அவள் முகத்தைத் தூக்கினாள். அவர் அவள் தாடையைத் தொட்டு அருவிப் பக்கம் திருப்பிவிட்டார். வெகுநேரம் அப்படியே நின்றாள்.

"தெரியலீங்க," என்றாள். "நீங்களாச்சும் பாத்து சொல்லுங்க. ரெண்டு பனை ஒசரம் இருக்குதா?"

அக்பர் அலி தன் வாழ்நாளில் முதன்முதலாக அந்த அருவியைப் பார்த்தார். பொய் சொல்ல வாய் எழவில்லை.

"இல்ல புள்ள. நம்ம வூட்டு மாடி ஒசரந்தான்."

"இதுக்கா இத்தினி வருசம் ஏங்கிக்கினு கெடந்தேன்," என்றாள். சற்றுப் பொறுத்து, "இத்தக்கூட பாக்க முடியலியே," என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தடவித் தடவிப் பாறையில் உட்கார்ந்து தண்ணீருக்குள் காலை விட்டாள். பழக்கதோஷம், அவர் குனிந்து அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டார்.

"எங்க இருக்கிறீங்க? வாங்க."

அவர் போகவில்லை. செருப்பை மார்போடு பிடித்துக்கொண்டு, அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று வாயைப் பொத்தி அழுதார்.