நாளைய தேதிக்கும் கையெழுத்து

1. ஃபர்னஸ்

இரண்டாயிரங்களின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தேன். ஃபர்னஸ் உலையின் சூட்டை ஆபரேட்டர் மணிக்கொரு தரம் பார்த்து, லாக் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருநாள் காலை பதினொரு மணிக்குப் போனால், மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் ரீடிங் எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார் ஆபரேட்டர் ஏழுமலை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு மணியே இன்னும் வரல. ரீடிங் மட்டும் எப்டி வந்துச்சு?"

"சீட்ட ரொப்பச் சொன்னீங்க, ரொப்பிட்டேன் மேடம். ஃபர்னஸாண்ட போய்ப் பாத்தியான்னு யாரும் கேக்கலயே."

வாய்க்கொழுப்பு என்று நினைத்து மெமோ கொடுத்தேன்.

2. பீரோ கதவு

அந்த வருடம் என் மகள் கயல் இரண்டாம் வகுப்பு. திக்கித் திக்கிப் படிக்கிறாள், வீட்டில் படிக்க வையுங்கள் என்று டீச்சர் சொன்னார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆறு கதைப் புத்தகங்கள் வாங்கினேன். கூடவே எனக்குத் தெரிந்த ஒரே வழியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தேதி, பக்கம், தப்பு எத்தனை, கையெழுத்து என்று கட்டம் போட்ட செக் ஷீட். பீரோ கதவில் ஒட்டினேன். அவள் படிப்பாள், நான் தப்பை எண்ணுவேன். நான் ஷிஃப்டில் இருந்தால் அவளே எழுதி வைக்க வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு அத்திப்பட்டில் பவர் பிளான்ட் வேலை. "இன்னா, ஊட்லயும் குவாலிட்டி செக்கிங் ஆரம்பிச்சிட்டியா? கொழந்தயப் போய் ரிஜெக்ட் பண்ணிக்கினு" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து தாளைப் பார்த்தேன். எட்டுப் பக்கம், தப்பு பூஜ்யம், கையெழுத்து. அதற்குக் கீழே வெள்ளி. அதற்கும் கீழே சனி. எல்லாம் ஒரே பென்சில், ஒரே சாய்வு.

"நாளைக்குப் படிக்கறத இன்னிக்கே எப்டிடி எழுதின?"

"நீ ஷீட்டத்தான பாப்ப" என்றாள், தலை நிமிராமல். பிறகு மெதுவாக, "எனக்கு புக்குன்னாலே வயித்த வலிக்குதும்மா."

அழுகை வந்துவிட்டது எனக்கு. இந்தத் தடவை மெமோ எனக்குத்தான் கொடுக்க வேண்டும்.

3. நரியின் குரல்

தாளைக் கிழித்துப் போட்டேன். படி என்று சொல்வதையும் விட்டேன். வேலையிலிருந்து வந்ததும் நானே ஒரு புத்தகத்தை எடுத்துப் பாயில் உட்கார்ந்து, நரி குரல், யானை குரல் எல்லாம் போட்டுச் சத்தமாகப் படிப்பேன். பத்து நாள் அவள் கிட்டேயே வரவில்லை. 'ஒரு பக்கமாவது படிச்சியா' என்று கேட்க நாக்கு துடிக்கும். எழுந்து நடப்பேன், உட்காருவேன், பல்லைக் கடித்துக்கொள்வேன்.

பதினோராம் நாள் பக்கத்தில் வந்து நின்றாள். "நரி இப்டியா பேசும்? குடு" என்று புத்தகத்தைப் பிடுங்கிப் படித்தாள். ஒரு பக்கத்தில் மூன்று தப்பு. என் விரல் தானாக மடங்கி எண்ணிவிட்டது. கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"தப்பு எத்தினி?" என்றாள், சந்தேகமாக.

"கதய கேட்டுக்கினு இருந்தேன். தப்பு ஒண்ணும் காணோம்."

அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். என் சர்வீஸ் முழுக்க நான் தெரிந்தே பொய்யாகக் கொடுத்த ரிப்போர்ட் அது ஒன்றுதான். வீட்டில் பிள்ளை வைத்திருக்கிற இன்ஸ்பெக்டர்களே, நீங்களும் தயங்காமல் கொடுங்கள்.