நாற்பத்தொன்றாம் இலக்கத் தாள்

எங்கள் பேராசிரியரின் ஃபெலோஷிப் விண்ணப்பத்தை மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியது நான்தான். அது படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உதவித்தொகை இல்லை. புற்றுநோய் ஆய்வில் பல வருடம் ஊறி, தனக்கென்று ஒரு குழுவை வைத்து நடத்துகிறவர்களுக்கு, ஐந்து வருடம் வேறு கவலை இல்லாமல் வேலை செய்யக் கிடைக்கும் பெரிய நிதி. கிடைத்தால் குழு நிற்கும், அவர் பெயரில் ஆய்வுகூடம் வரும். கிடைக்காவிட்டால் குழு கலைந்து, அவர் இன்னொருவருக்குக் கீழே போய் நிற்கவேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். அவர் கடைசிச் சுற்றுவரை போகவேண்டும் என்பதில் அவரைவிட எனக்குத்தான் அவசரம். முதல் சுற்றில் விழுந்தால் அவருக்கு வலிக்காது.

அந்தக் குழுவில் சேர்ந்த புதிதில் நான் அவரைக் கும்பிடாத குறை. உயிரியல் படித்து முடித்த சூடு. வெற்றிலை போடும் தோட்டத்துப் பெண்களின் வாயை ஆராயப்போகிறோம் என்றதும், "எங்க தோட்டத்துக்கே போவோம் சார்" என்று குதித்தேன். மலையகத்தில் கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில்தான் எங்கள் லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். அம்மா கொழும்பில் வீட்டுவேலைக்குப் போனபிறகு என்னை வளர்த்துப் படிக்கவைத்தது சித்தி. கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் ஒரு பிற்பகல் முதல் ஆளாக அவளைத்தான் பெஞ்சில் உட்காரவைத்தேன்.

"ஆ காட்டுங்க சித்தி."

"எதுக்குப் புள்ள, பல்லு எண்ணவா? பொண்ணு பாக்க வந்த ஒஞ் சித்தப்பாவே எண்ணல."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எங்கள் குழுவோடு வந்த டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு படை. படம் எடுத்து, சின்னதாகச் சதை கிள்ளி எடுத்து, நாற்பத்தொன்று என்று இலக்கம் எழுதிய அட்டையைச் சித்தி கையில் கொடுத்தோம்.

"நாலு வாரத்துல பேப்பர் வரும் சித்தி. அதக் கொண்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். வரலன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

பேப்பர் வரவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, ரொட்டியை மெல்ல முடியவில்லை என்று சித்தி தேத்தண்ணியில் ஊறப்போட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் இடது கன்னத்தையும் தாடையில் ஒரு துண்டையும் வெட்டி எடுத்தார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். பேச்சு குழறிப்போனது. இப்போது அவள் பேசுவது எனக்கு மட்டும்தான் முழுதாக விளங்கும்.

அடுத்த வாரம் ஆய்வுகூட அலுமாரியைக் கிளறினேன். ஒரு பெட்டி நிறைய முடிவுத் தாள்கள். நாற்பத்தொன்றாம் தாளில் சிவப்புப் பேனையால் டாக்டர் எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தார்: உடனே அனுப்பவும்.

"சார், இது ஒண்ணுமே போகல சார்."

பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அனுப்புற வேலை யாருக்குக் குடுத்தது?"

"யாருக்கும் குடுக்கல சார்."

"பாருங்க, நாங்க செய்றது ஆய்வு. வைத்தியம் ஆஸ்பத்திரிட வேலை. கட்டுரை வந்துட்டுதானே? அதுல உங்கட பேரும் இருக்குதானே?" பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவராக, "அந்தப் பெட்டிய மேல் தட்டுல வைங்க. கீழ இருந்தா வாறவங்கட கண்ணுல படும்."

பெட்டியோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அவர் விழுவதை நான் பார்க்கவேண்டியிருந்தது. தாள்களைப் படம் எடுத்துக்கொண்டு, சிவப்புக் கோடு போட்ட ஆட்களை மட்டும் வீடுவீடாகத் தேடிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினேன். பெட்டியை அவர் சொன்ன இடத்திலேயே வைத்தேன். வேலையை விடவில்லை. முன்னைவிட இனிமையாகப் பேசினேன்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: ஆய்வில் பங்கெடுத்தவர்களை உங்கள் குழு எப்படிக் கவனிக்கிறது? அதற்கு மட்டும் அவரே பதில் தட்டினார். ஒவ்வொருவருக்கும் நான்கு வாரத்துக்குள் முடிவு எழுத்தில் கொடுக்கப்படுகிறது.

"இப்பிடியே இருக்கட்டுமா சார்?"

"இருக்கட்டும்."

அதற்குக் கீழே நான் ஒரு வரி சேர்த்தேன். தேர்வுக் குழு விரும்பினால் பங்கெடுத்தவர்களை நேரில் சந்திக்க ஏற்பாடு செய்யலாம். அவர் வாசித்துப் பார்த்து, "நல்ல தன்னம்பிக்கையான வசனம்" என்று அனுப்பும் பொத்தானை அழுத்தினார். ஊருக்கு வரும்போது ரயில் வட்டவளை தாண்டும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கை அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கடைசிச் சுற்றுக்குத் தேர்வுக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கேள்வி கேட்கும் ஒரு அம்மையார், குறிப்பெடுக்கும் ஒரு வயதானவர். இருவருக்கும் தமிழ் தெரியாது. பேராசிரியர் முந்தின நாளே எனக்குச் சொல்லியிருந்தார்: "நல்லாக் கதைக்கிற நாலு பேரப் பாத்து வைங்க. கொஞ்சம் அழகா மொழிபெயர்த்துடுங்க."

அதே மடுவம். தகரத்தில் மழை. பெண்கள் கூடையைக் கழற்றிவைத்துவிட்டு அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முடிவு கிடைத்ததா என்று அம்மையார் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

"எந்த முடிவு?" என்றாள் லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பரா அக்கா. "நம்பர் போட்ட அட்டதான் இருக்கு. அதுக்கப்புறம் ஒரு துண்டுப் பேப்பர் வரல."

நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் பேராசிரியர் சிரித்தபடி குறுக்கே வந்தார். "வந்திருக்கும் அக்கா, நீங்க மறந்திருப்பீங்க."

"நாங்களா சார்? விடியக்காலையில பெரட்டுல பேர் கூப்புடுறத ஒருநாளு மறந்தா தொர எங்களத் திருப்பி அனுப்பிருவாரு. பேப்பர மறப்பமா?"

அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். இனிப்பாக இருந்தது.

கடைசியாகச் சித்தி. கன்னத்தை மூடியிருந்த துவாயை எடுத்தாள். அம்மையார் பார்வையை இறக்கிவிட்டு, பிறகு நிமிர்ந்து நேராகப் பார்த்தார். சித்தி என்ன பேசினாலும் அங்கே யாருக்கும் விளங்காது. அவள் வாயசைத்தால் போதும், நான் நாள்கணக்கில் செதுக்கி வைத்திருந்த ஆங்கில வசனங்களைக் கொட்டிவிடலாம். சித்தி பேராசிரியரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பேப்பரு வரலன்னு சொல்லு."

சொன்னேன்.

"வரலன்னா ஒண்ணுமில்லன்னு ஒரு ஆளு சொன்னுச்சு. அத நம்பித்தான் இருந்தேன்னு சொல்லு."

சொன்னேன்.

"யாரு சொன்னதுன்னும் சொல்லு புள்ள."

அம்மையார் பேனையோடு காத்திருந்தார். 'குழு' என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? சார் என்று கை காட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். சித்திக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என் முகம் தெரியும்.

"நான்தான் சொன்னேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வயதானவர் அதையும் எழுதிக்கொண்டார்.

"என்ன புள்ள, இங்கிலீசுல ரொம்பச் சின்னதா முடிச்சிட்ட?" என்றாள் அக்கா. விஷயத்தைச் சொன்னதும் தலையாட்டினாள். "அப்ப சாருக்கும் ஒனக்கும் அரப்பேருதான்." கொழுந்து நிறை குறைந்தால் முழு நாள் நின்று எடுத்தவளுக்கும் அரை நாள்தான் எழுதுவார்கள். அதற்குத்தான் அந்தப் பேர். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பேராசிரியர் தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஃபெலோஷிப் கிடைக்கவில்லை. கடிதம் வந்த அன்று அவர் என் மேசைக்கே வந்தார்.

"அந்த வரிய எழுதினது நீங்க!"

"கீழ உள்ள வரி என்னுது சார். மேல உள்ளது உங்களுது."

அந்த மாதத்தோடு குழு கலைந்தது. தேர்வுக் குழு பல்கலைக்கழகத்துக்கு எழுதியதால், மிச்சத் தாள்கள் ஆஸ்பத்திரி வழியாக லயத்துக்கு வந்துசேர்ந்தன. அவர் இந்த வருடமும் எங்கோ விண்ணப்பித்திருக்கிறாராம். விண்ணப்பிக்கட்டும். படங்கள் என் போனில் இருக்கின்றன. நான் எதையும் அழிக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

நாற்பத்தொன்றை மட்டும் நானே கொண்டுபோய்ச் சித்தி கையில் கொடுத்தேன்.

"என்னா போட்டுருக்கு?"

"உடனே அனுப்பவும்னு."

பாதி முகத்தால் சிரித்தாள். அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப் பருக்கை நாலு எடுத்து வந்து, தாளின் பின்பக்கம் நசுக்கித் தடவி, சாமிப் படக் கலண்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினாள். நான் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே.

"இருக்கட்டும்," என்றாள். "நீ சாப்புடு."