வெள்ளிக்கிழமைக் கோழி

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுத்து, கோழி கிளறிய முற்றம் போலத்தான் வரும். எங்கள் கோயில் மலருக்கு இந்து சமயத்தை அறிமுகம் செய்து ஒரு கட்டுரை வேண்டும் என்றார் தலைவர். படித்தவர்கள் எல்லாரும் நேரமில்லை என்று தப்பிவிட்டார்கள். எனக்கு மாட்டேன் என்று சொல்லக் கூச்சம். என் சமயத்தைப் பற்றி வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்து பேசியிருக்கிறேன். அதையே எழுதுகிறேன்.

எங்கள் ஆட்கள் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வன்னிக்கு வந்தவர்கள். அப்பா வரும்போது மாரியம்மன் சூலத்தை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். அதற்கு முன் அதை இந்தியாவில் இருந்து யாரோ தோட்டத்துக்குக் கொண்டுபோனார்களாம். பரந்தனில் வயலோரம் நட்டோம். இப்போது அதற்குத் தகரக் கொட்டகை, மணி, தலைவர், செயலாளர் எல்லாம் உண்டு. சமய வரலாறு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் மகள் கொக்கிளாய்ப் பையன் ஒருவனை விரும்பினாள். கத்தோலிக்கக் குடும்பம். களப்பிலும் கடலிலும் மீன்பிடித் தொழில். பையனின் தாயும் தகப்பனும் கதைக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மகள் என்னைக் கிணற்றடியில் பிடித்தாள்.

“அப்பா, நான் அவரைத்தான் முடிப்பன். ஆனா ஞானஸ்நானம் எடுக்கமாட்டன். அவை கேட்டா நீங்கள்தான் சொல்லவேணும்.”

“கொம்மா சொல்லட்டுமே.”

“அம்மா சொன்னா சண்டை. நீங்கள் சொன்னாத்தான் கேப்பினம். நீங்கள் கதைக்கிறதே அதிசயம்.”

செவ்வாயும் சனியும் கலியாணப் பேச்சுக்கு ஆகாது என்றாள் மனைவி. ஞாயிறு அவர்களுக்குக் கோயில். மற்ற நாட்களில் தொழில். வெள்ளி மிஞ்சியது. அந்த மாதம் வெள்ளிகளில் தாங்கள் கடலுக்குப் போவதில்லை என்று அவர்களும் சொன்னார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கூச்சம்தான்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. மீன், இறைச்சி, முட்டை எதுவும் சட்டியில் ஏறாது. பக்கத்து வீட்டு அண்ணை அதைக் கேட்டுத் தலையில் கைவைத்தார்.

“வேதக்காரருக்குப் பூசணிக்காயோ வைக்கப்போறாய்? கோழி இல்லாட்டி மதிக்கேல்ல எண்டு நினைப்பினமடா!”

“என்ர குசினிக்குள்ள கோழி வந்தா நான் வெளியில” என்றாள் மனைவி.

அதனால் கோழிதான் வெளியில் போனது. வெள்ளி காலை குளித்து, திருநீறு பூசி, மாமரத்தின் கீழ் மூன்று கல் வைத்து நானே சமைத்தேன். உப்புப் பார்க்க முடியாது, நாக்கில் பட்டால் விரதம் போய்விடும். மணத்தை வைத்து உப்புப் போட்டேன். கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை. அம்மனும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் அவர்கள் வந்தார்கள். தகப்பன் ஐஸ் பெட்டியைத் திறந்தார். என் கை நீளத்தில் ஒரு கொடுவா மீன்.

“விடியப் பிடிபட்டதைக் கேட்டு வாங்கி வந்தனான், அண்ணை. இப்பவே வெட்டிக் குழம்பு வையுங்கோ. எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவம்.”

மனைவி மீனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் உட்கார்ந்திருந்த கதிரையின் காலைப் பார்த்தேன்.

“முதல்ல இதைச் சாப்பிடுங்கோ” என்று கோழிச் சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். பையனின் தாய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மெல்ல மூடினா.

“குறை நினைக்காதேங்கோ, அண்ணை. இது தபசு காலம். வெள்ளிக்கிழமையில நாங்கள் இறைச்சி தொடுறேல்ல.”

“அப்ப மீன்?” என்றாள் மனைவி.

“மீன் இறைச்சி இல்லையே” என்றார் தகப்பன்.

“எங்களுக்கு இண்டைக்கு மீனும் ஆகாது.”

“முட்டை?”

“அதுவும்தான்.”

“எங்களையும் வெண்டுட்டியள், தங்கச்சி!”

யாரும் சிரிக்கவில்லை. சொன்ன தகப்பன் மட்டும் சிரித்து, பிறகு அவரும் நிறுத்தினார். கடைசியில் மனைவி குசினியில் இருந்து சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, முருங்கையிலை வறை எல்லாம் கொண்டுவந்தாள். அதைத்தான் எல்லாரும் சாப்பிட்டோம்.

“எத்தினை நாளைக்கு இந்தத் தபசு?” என்று மனைவி கேட்டாள்.

“விபூதிப் புதன் தொடக்கம் உயிர்த்த ஞாயிறு மட்டும்” என்றா பையனின் தாய்.

“விபூதியோ?” என்றேன் நான். என் குரலைக் கேட்டு மகள் குசினி வாசலுக்கே வந்துவிட்டாள்.

“ஓம். எங்கட கோயில் சுவாமியார் நெத்தியில சாம்பல் பூசுவார். நாங்கள் எல்லாரும் மண்ணாப்போறவைதான் எண்டு நினைக்கிறதுக்கு.”

“நாங்களும் அதுக்குத்தான் பூசுறது. உங்களுக்கு வருசத்தில ஒருநாள். எங்களுக்கு மறதி கூடுதல், ஒவ்வொருநாளும் பூசவேணும்.”

தாய் சிரித்தா. ஆனால் அடுத்ததாகக் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டா.

“பிள்ளை ஞானஸ்நானம் எடுப்பாவோ?”

மகள் வாசலில் நின்று என்னையே பார்த்தாள். நான் பூசணிக்காயோடு பேசுவது போலப் பேசினேன்.

“என்ர பிள்ளை உங்கட மகனோட கோயிலுக்கு வருவாள். முழந்தாளில நில்லெண்டா நிப்பாள். எங்கட அம்மன் அதுக்குக் கோவிக்கிற ஆளில்லை. ஆனா திருநீற்றையும் வெள்ளிக்கிழமையையும் விடமாட்டாள். அதை மட்டும் விடச்சொல்லாதேங்கோ.”

“நீங்கள் ஏன் வெள்ளியில தின்னுறேல்ல?”

“தெரியாதம்மா. அம்மன் கேட்டதாயும் இல்லை. ஆனா தின்ன மனம் வராது.”

அவா சோற்றைப் பிசைந்தபடி இருந்தா. பிறகு, “கோழியை ஆர் சமைச்சது?” என்றா.

“நான்தான்.”

“வெள்ளிக்கிழமையிலயோ?”

“நீங்கள் வாறியள் எண்டு.”

அவா கணவரின் முகத்தைப் பார்த்தா. அவர் ஐஸ் பெட்டியைப் பார்த்தார்.

“இவ்வளவு செய்த ஆக்களிட்ட இதைக் கேட்டது பிழை” என்றா. “சுவாமியாரோட கதைச்சு, ஞானஸ்நானம் இல்லாமக் கலியாணம் கட்ட ஆயரிட்ட அனுமதி எடுப்பம். பிள்ளை பிள்ளையாவே வரட்டும். வெள்ளிக்கிழமையில எங்களுக்கும் பிள்ளைக்கும் ஒரே மரக்கறிச் சட்டி போதும். தங்கச்சி, இன்னும் கொஞ்சம் பூசணிக்காய் போடுங்கோ.”

மீன் ஐஸில் கிடந்தது. கோழி சனி காலை அண்ணையின் வீட்டுக்குப் போனது. கலியாணம் நடக்கப்போகிறது என்று சொன்னபோது அவர் எலும்பைக் கடித்துக்கொண்டே, “நல்லது. ஆனா உப்புக் காணாதடா” என்றார்.

மகள் இப்போது கொக்கிளாயில் இருக்கிறாள். இன்று காலை தொலைபேசியில், மாமி பூசணிக்காய் வெட்டுகிறா என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் பேனையை எடுத்தேன்.

2024 மார்ச் 15, வெள்ளிக்கிழமை.